ஓடாமல் நிற்கும் பாக்ஸ்டரும் டீலர் எஸ்டிமேட்டும்: அறிகுறி பார்த்துச் செலவை எடைபோடுவது

பட்டுப்புடவையைக் கட்டாவிட்டாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை மடிப்பு மாற்றி வைக்கச் சொல்வார் அம்மா. அப்படியே விட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும். என் 2003 போர்ஷே பாக்ஸ்டரும் அந்த ரகம்தான். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் வீட்டு கராஜில் நிற்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் மைல் ஓடினால் அதிகம். ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதுதான் இதில் மிகுதி.

டீலரிடம் விட்டால் எஸ்டிமேட் மட்டும் லட்சம் மைல் ஓடிக் களைத்த வண்டிக்குப் போட்டதுபோல வரும். கடைசியாக என் கைக்கு வந்தது ஏழு வரி, 8,140 டாலர். வண்டியை விற்றால் அதைப்போல ஒன்றரை மடங்கு கிடைக்கலாம். அந்த ஏழு வரியில் அந்த வருஷம் நான் செய்தது மூன்றுதான். பிறகு இதே தலைமுறை வண்டி (986 என்ற எண்ணுள்ள, 1997 முதல் 2004 வரையிலான பாக்ஸ்டர்) வைத்திருக்கும் நண்பர்கள் தங்கள் எஸ்டிமேட்டை வாட்ஸாப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். அதே அறிகுறிகள், அதே வரிகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் எழுதியது இது.

எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரிக்கும் சர்வீஸ் அட்வைசரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என்ன பார்த்தீங்க, எவ்வளவு அளந்தீங்க?" பதிலில் ஓர் எண்ணோ போட்டோவோ இருந்தால் அது பழுது. "இந்த வயசுக்கு மாத்திடறது நல்லது" என்று வந்தால் அது காலண்டர். காலண்டர் வேலையிலும் நியாயமானவை உண்டு, கீழே வரும். ஆனால் அதை இன்றைக்கே, அங்கேயே செய்ய வேண்டியதில்லை.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், வண்டியின் கணினியில் பதிந்த பிழை எண்களைப் படிக்கும் மலிவான ஓபிடி ரீடர், டார்ச், வண்டிக்கடியில் விரிக்க ஒரு பெரிய அட்டை.

## சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம் மட்டும், அல்லது அதுவும் இல்லை

பேட்டரி. பத்துக்கு எட்டுத் தடவை இதுதான். வண்டி சில மணிநேரம் நின்றபின் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போயிருந்தால் மற்ற எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை, முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றியபின் ஸ்டார்ட் செய்யும்போது 10க்குக் கீழே சரிந்தால் பேட்டரி முடிந்தது. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

இந்த வண்டிக்குப் புதுப் பேட்டரியைக் கணினியில் பதிவு செய்யத் தேவையில்லை. 'ப்ரோகிராமிங்' என்று தனி வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். மாற்றியபின் கண்ணாடிகளை மட்டும் மேலே ஏற்றி, ஸ்விட்சை மறுபடி சில நொடி பிடித்து, பழக்க வேண்டும். 2000 அல்லது அதற்குப் பிந்திய வண்டியானால் சாவியை ஆன் நிலையில் ஒரு நிமிடம், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், விட்டு வையுங்கள். அவ்வளவுதான் வேலை.

நிற்கும்போது கரண்ட் கசிவு. புதுப் பேட்டரியும் மூன்று வாரத்தில் படுத்தால், டீலர் 'எலக்ட்ரிகல் டயக்னாஸிஸ்' என்று மணிக்கணக்கில் எழுதுவார். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். அலாரம் உள்ள வண்டி உறங்கும்போது 50 மில்லியாம்ப் வரை இழுப்பது சாதாரணம். நாளுக்கு 1.2 ஆம்ப்-மணி. 70 ஆம்ப்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் பாதியாகும். ஆக மாதம் ஒருமுறை எடுக்கும் வண்டியில் பேட்டரி இறங்குவது பழுதே இல்லை. ஐம்பது, அறுபது டாலருக்கு ஒரு மெயின்டெய்னர் (நிற்கும் வண்டியின் பேட்டரியைச் சார்ஜ் இறங்காமல் வைப்பது) வாங்கி மாட்டிவிடுங்கள். கதவைப் பூட்டி முக்கால் மணிநேரம் கழித்து அளந்தும் 50ஐத் தாண்டி நின்றால்தான் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேட வேண்டும்.

இக்னிஷன் ஸ்விட்ச். சாவி தானாகப் பின்னுக்கு வராமல் ஒட்டிக்கொள்வது, ரேடியோவோ ஏசி விசிறியோ விட்டுவிட்டு வருவது. இதில் கெடுவது பெரும்பாலும் பூட்டின் பின்னால் இருக்கும் மின்பகுதி மட்டும். ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கும் போகும் அதே பொருள், சில பத்து டாலர். டீலர் ஸ்டியரிங் பூட்டு முழுவதையும் மாற்ற எழுதினால், "மின்பகுதி மட்டும் கிடைக்குமே" என்று சொல்லிப் பாருங்கள். விலை சட்டென்று இறங்கும்.

ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் கேபிள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் சோம்பலாகச் சுற்றினால், ஸ்டார்ட்டரை மாற்றும் முன் கேபிளில் எத்தனை வோல்ட் வீணாகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சை பூத்த கேபிளால் நல்ல ஸ்டார்ட்டர்கள் பல குப்பைக்குப் போயிருக்கின்றன.

ஓட்டுநர் சீட்டுக்கடியில் தண்ணீர். எல்லாவற்றிலும் விலை கூடியது. கூரை மடியும் குழியின் இரு மூலைகளிலும் வடிகால் துளைகள் உண்டு. இலை, தூசி அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, இடது சீட்டுக்கடியில் இருக்கும் இம்மொபிலைசர் பெட்டியில் (சரியான சாவி இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாதது) தேங்கும். கதவு பூட்டாது, அலாரம் தானாகக் கத்தும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. சீட்டுக்கடியில் கார்ப்பெட்டின் அடிப்பஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள், மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஊறியிருக்கும். ஈரமென்றால் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள்.

*யாரிடம் போவது:* தண்ணீர் புகுந்த பெட்டியைத் திறந்து உலர்த்திப் பழுது பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில். அது சரிவராமல் புதுப் பெட்டி போட்டுச் சாவியைக் கோடிங் செய்வதென்றால் டீலர்தான். அந்த வேலைக்கு அவர் கேட்கும் விலை கசந்தாலும் மறுக்க வழியில்லை. வடிகாலைத் தோட்டக் களையெடுப்பான் நைலான் நூலால் வருஷம் ஒருமுறை குத்திவிட்டால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது.

## ஒரே நாளில் மூன்று நான்கு எச்சரிக்கை விளக்குகள்

ஏர்பேக், ஏபிஎஸ், இன்னும் ஏதோ ஒன்று, எல்லாம் சேர்ந்து எரிகிறதா? மேலே போய்ப் பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் தாழ்ந்தபோது பதிந்த பிழை, பேட்டரியைச் சரிசெய்த பிறகும் ஏர்பேக் விளக்காக நின்றுவிடும். அழித்தால் போகும். மலிவான ரீடரால் அதை அழிக்க முடியாது. டுராமெட்ரிக் போன்ற, போர்ஷேக்கென்றே உள்ள கருவி வேண்டும், ஊரில் யாரிடமாவது இருக்கும். அழித்த பிறகும் திரும்ப வந்தால் அடுத்த சந்தேகம் சீட்பெல்ட் கொக்கியில் இருக்கும் ஸ்விட்ச். ஏர்பேக் சர்க்யூட்டில் அதற்கு மேல் நீங்களாகக் கைவைக்காதீர்கள்.

## செக் எஞ்சின் விளக்கு, அல்லது ஸ்மாகில் ஃபெயில்

கலிஃபோர்னியாவில் இந்த வயது வண்டிக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஸ்மாக் (புகை மாசு) சோதனை. ஓடாத வண்டிக்காரர் அதிகம் மாட்டுவது இங்கேதான், பெரும்பாலும் பழுதே இல்லாமல்.

விளக்கு எரியவில்லை, இருந்தும் ஃபெயில். பேட்டரி கழற்றப்பட்டதால் வண்டியின் சுயசோதனைகள் அழிந்திருக்கும். 2000 மற்றும் அதற்குப் பிந்திய பெட்ரோல் வண்டிகளில் எரிபொருள் ஆவி சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம், மற்றவை முடிந்திருக்க வேண்டும். 1996 முதல் 1999 வரையென்றால் ஏதாவது ஒன்று விடுபடலாம். சில நாள் ஓட்டினால் தீர்ந்துவிடும். கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் ஃப்ரீவேயில் ஒரே வேகத்தில், இரவு நன்றாக ஆறவிட்டு மறுநாள் மறுபடி. ரீடரில் 'ரெடி' வந்தபிறகு சோதனைக்குப் போங்கள். 'ரெடினஸ் செட் செய்து தருகிறோம்' என்று 400 டாலர் கேட்ட எஸ்டிமேட் ஒன்றைப் பார்த்தேன். உங்கள் வண்டியை அவர்கள் ஓட்டி மகிழ நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

ரீடரில் பிழை எண் பி 0300 முதல் பி 0306 வரை, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது). ஆறு மாதமாக டேங்கில் கிடக்கும் பெட்ரோலா என்று முதலில் யோசியுங்கள். இங்கே விற்பதில் பத்து சதவீதம் எத்தனால், கிடக்கக் கிடக்கக் கெடும். புதுசு நிரப்பி ஓட்டியும் வந்தால் காயில் (ப்ளக்கில் பொறி வர மின்சாரம் தருவது). வெயிலில் ஒழுங்காக ஓடி, மழைநாளில் தடுமாறினால் ஏறக்குறைய நிச்சயம் காயிலின் உறை வெடித்திருக்கும். சந்தேகப்படும் காயிலை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பிழை எண்ணும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி அதுதான். டீலர் ஆறு காயிலும் ஆறு ப்ளக்கும் சேர்த்து எழுதுவார். இருபது வருஷக் காயில் என்றால் அதில் தப்பில்லை. ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. விலையை மட்டும் வெளியே ஒப்பிடுங்கள்.

பி 1128, பி 1130. எஞ்சினுக்குள் கணக்கில் வராத காற்று. எண்ணெய் ஊற்றும் குழாயின் மடிப்புப் பகுதி விரிசல், அழுக்கான காற்றளவு சென்சார், இந்த வரிசையில் பாருங்கள். சென்சாரைக் கழுவ அதற்கென்றே உள்ள ஸ்ப்ரே சில டாலர். புதுச் சென்சார் சில நூறு.

பி 0420, பி 0430. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது எக்ஸாஸ்ட் புகையின் நச்சைக் குறைக்கும் பாகம். பல ஆயிரம் டாலர் வரியாக வரும். கலிஃபோர்னியாவில் போர்ஷேயின் அசல் பாகமோ மாநில அனுமதி எண் உள்ள வெளிப்பாகமோ மட்டுமே பொருத்தலாம் என்பதால் மலிவு வழி கிடையாது. எழுதியவுடன் தலையாட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு உண்டா, ஆக்ஸிஜன் சென்சார் சரியாக அசைகிறதா என்று பார்த்ததற்கு ஆதாரம் கேளுங்கள். மிஸ்ஃபயர் பாக்கியிருக்கும்போது கன்வெர்ட்டரை மாற்றினால் புதியதும் கருகும்.

*எப்போது நிறுத்துவது:* விளக்கு சும்மா எரிந்தால் ஓட்டிக்கொண்டு போகலாம். மின்னி மின்னி எரிந்தால் ஓரம் கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

## தித்திப்பான வாடை, கூலன்ட் விளக்கு மின்னல், டிக்கியில் ஈரம்

1. மூடி. கூலன்ட் தொட்டியின் மூடியைப் போர்ஷே பலமுறை திருத்தி வெளியிட்டது. மேலே அச்சிட்ட பாக எண்ணின் கடைசி இரு இலக்கம் 04 இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.
2. கிளாம்ப், ஹோஸ். வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.
3. தொட்டி. பின்டிக்கிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி வயதானால் கீறும். டிக்கிக் கார்ப்பெட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும். பாகம் சில நூறு டாலர்தான், கூலி அதைவிட அதிகம். இந்த வரி எஸ்டிமேட்டில் இருந்து, ஈரத்தையும் கண்ணால் பார்த்துவிட்டால் வாக்குவாதம் வேண்டாம்.
4. முன் ரேடியேட்டர்கள். பம்பரின் இரு ஓரத் துளைகளுக்குள் கைவிட்டுப் பாருங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே மக்கிய இலை ஒரு கூடை வரும். அந்த ஈரம்தான் இரண்டையும் அரிக்கிறது.
5. வாட்டர் பம்ப். புல்லி ஆடினாலோ, தாங்கியிலிருந்து முனகல் வந்தாலோ, பம்பின் அடியில் ஒழுகினாலோ மாற்றியே ஆக வேண்டும், உடனே.

எது என்று தெரியவில்லை என்றால் ப்ரெஷர் டெஸ்டுக்கு மட்டும் காசு கொடுங்கள், ஒரு மணிநேர வேலை. தொட்டி, பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாவற்றையும் 'கூலிங் சிஸ்டம் புதுப்பிப்பு' என்று ஒரே வரியில் கட்டியிருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

எண்ணெய் மூடியைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறதா? பயந்து நள்ளிரவில் போன் செய்தவர் மூவர். குளிர்மாதத்தில் கடைக்குப் போய்வரும் சின்ன ஓட்டத்தில் நீராவி எண்ணெய்க் குழாயில் ஒட்டி இப்படிப் படியும். கூலன்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே தெளிவாக இருந்தால் ஒரு மணிநேரம் ஃப்ரீவேயில் ஓட்டிவிட்டு வந்து தூங்குங்கள். தொட்டிக்குள்ளேயும் பால் காபி நிறத்தில் மிதந்தால்தான் ஆபத்து. எஞ்சினை அணைத்து, டோ செய்து, இந்த எஞ்சினைத் திறந்து பழகிய தனிப் பட்டறைக்கு அனுப்புங்கள். முதலில் ஆயில் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள். எண்ணெயும் கூலன்டும் எப்போது கலந்தாலும் காரணம் எஞ்சின் தலைப்பகுதி வெடிப்புதான் என்று முடிவு கட்டி 'புது எஞ்சின்' என்று எழுதிவிடுவது எளிது.

## ஸ்டார்ட் செய்தவுடன் வெண்புகை

படுத்த வாக்கில் ஆறு சிலிண்டர். நெடுநாள் நின்றால் கொஞ்சம் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கும். சில நொடி புகைந்து அடங்கினால் அதற்குப் பெயர் பழுதல்ல, சுபாவம். சரிவில் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

தெருவே மறையும்படி புகைந்து, நிற்கவும் இல்லையென்றால் ஆயில் செபரேட்டர் (எஞ்சின் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது). எஞ்சின் ஐட்லில் ஓடும்போது எண்ணெய் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் செபரேட்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. பாகம் பெரிய விலையில்லை, எட்டாத இடத்தில் இருப்பதால் கூலி உண்டு. மாற்றும்வரை ஓட்டாதீர்கள், உறிஞ்சிய எண்ணெய் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

## கராஜ் தரையில் எண்ணெய்ப் பொட்டு

அதிகப் பணம் கைமாறும் அறிகுறி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அட்டையை விரித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் பொட்டு விழுந்த இடத்துக்கு நேர்மேலே என்ன இருக்கிறது? ஓரங்களில் என்றால் ஸ்பார்க் ப்ளக் குழாயின் ரப்பர் வளையமாக இருக்கலாம், சில டாலர் பொருள். நடுவில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் என்றால் எஸ்டிமேட்டில் 'ரியர் மெயின் சீல்' (எஞ்சினின் முக்கியத் தண்டு வெளிவரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் வளையம்) என்று வந்திருக்கும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பல்லைக் கடிக்க வைக்கும் தொகை.

இப்போது கேள்வி, சொட்டுகிறதா, வெறும் கசிவா? அந்த இணைப்பில் ஈரப்பசை மட்டும் இருந்து, மாதத்துக்கு ஒன்றிரண்டு பொட்டு விழுந்தால், கிளட்ச் மாற்றும் நாள்வரை அட்டையை மாற்றிக்கொண்டே இருக்கலாம். இந்த எஞ்சினில் அந்த ஈரம் சகஜம். அதற்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்குவதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒரே இரவில் உள்ளங்கை அகலம் பரவினால் கதை வேறு.

அதே கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. ஐஎம்எஸ் பேரிங், அதாவது எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங். பாக்ஸ்டர்காரர்கள் இரவில் நினைத்துப் பயப்படுவது. அது உடைந்தால் எஞ்சினே போகும். 1997 முதல் 1999 வரை இரட்டை வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங், 2000, 2001இல் இரண்டும் கலந்து வந்தன, அதன்பின் ஒற்றை வரிசை. ஒற்றைதான் அதிகம் உடைந்தது. அமெரிக்காவில் வழக்காகி, 2001–2005 மாடல்களில் ஒரு பகுதிக்கு 2013இல் சமரசம் ஏற்பட்டது. வண்டி புதிதாக விற்கப்பட்ட நாளிலிருந்து பத்தாண்டு என்ற வரம்போடு வந்ததால் இன்று அதைக் காட்டி எதுவும் கேட்க முடியாது.

டீலரின் எஸ்டிமேட்டில் 'ஐஎம்எஸ் – பரிந்துரை' என்று இருந்தால் என்ன செய்வது? எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வண்டியில் உள்ளே காகித ஃபில்டர்தான். மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள், காந்தத்தை ஓட்டுங்கள்.

- ஒன்றும் இல்லை: அவசரம் இல்லை. எண்ணெயை மைல் பார்க்காமல் வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும், வலிக்கும், இருந்தாலும் மாற்றுங்கள். கிளட்ச் இறங்கும் நாளில் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள்.
- பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு: செயின் உராயும் பட்டைகள் தேய்கின்றன. தனிப் பட்டறையில் காட்டுங்கள்.
- காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு: வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். புதுப் பேரிங் போட்டு மூடுவதற்கும் காலம் கடந்திருக்கலாம். உலோகத் தூள் எஞ்சின் முழுக்கச் சுற்றியிருந்தால் புதுப் பேரிங்கும் வீண். இதைச் சொல்லத் தெரிந்த ஆளிடம் மட்டும் காட்டுங்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் ஒன்று. நண்பர் ஒருவருக்கு வந்த எஸ்டிமேட்டில் கிளட்ச், ரியர் மெயின் சீல், ஐஎம்எஸ் பேரிங் என மூன்று வரி, மூன்றிலும் தனித்தனியாகக் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி. கியர்பாக்ஸ் இறங்குவது ஒருமுறைதானே? "மூணு தடவை இறக்கி ஏத்தப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கச் சொன்னேன். அட்வைசர் 'சிஸ்டம் தானாகப் போட்டது' என்று சொல்லி, பதினாறு மணிநேரக் கூலியைப் பதினொன்றாக்கினார். மணிக்கு 300 டாலருக்கு மேல் வாங்கும் கடையில் அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு 1,500 டாலர்.

## பிரேக்கில் உறுமல், வண்டி ஒரு பக்கம் இழுப்பு

மழைக்குப் பின் முதல் சில பிரேக்கில் உறுமினால் டிஸ்க் மேல் துரு. பத்து தடவை மிதமாகப் பிடித்தால் போகும். போகவில்லை, டிஸ்கில் வரிவரியாகக் குழி என்றால் மாற்ற வேண்டியதுதான். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன்மேலேயே பொறித்திருக்கும். அட்வைசர் சொல்லும் அளவை அதோடு ஒப்பிடுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் தொட முடியாமல் சுட்டால் கேலிப்பர் ஒட்டியிருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. ஹோஸ் மலிவு, அதை முதலில். பிரேக் ஃப்ளூயிட் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று டீலர் எழுதினால் அது சரி. ஓடாவிட்டாலும் ஈரம் உறிஞ்சும். பெடல் பஞ்சுபோல் கீழே போனால் ஓட்டிப் பார்க்கிற ஆராய்ச்சி வேண்டாம், டோ.

## டயர் நன்றாகத்தான் இருக்கிறது, மாற்றச் சொல்கிறார்

இங்கே டீலர் பக்கம்தான் நான். பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரம். பத்து வருஷம் தாண்டிய டயரின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கணக்கில்லை. ஆறு தாண்டினால் விரிசல் பாருங்கள். கிளம்பியவுடன் தடதடத்து, பத்து மைலில் அடங்கினால் நின்ற இடத்தில் தட்டையான டயர், அதற்குச் செலவு தேவையில்லை. போர்ஷேயின் 'என்' குறியிட்ட டயர்தான் வேண்டுமா என்றால், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு நான் போடுவதில்லை. நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும்.

## கூரை பாதியில் நிற்கிறது

ஹேண்ட்பிரேக்கை இழுத்தீர்களா? இழுக்காவிட்டால் இதில் கூரை அசையாது. சிரிக்காதீர்கள், இதற்கே ஒருவர் 'டயக்னாஸிஸ் ஃபீ' கட்டிவிட்டு வந்தார். அடுத்து முன் கொக்கியின் சின்ன ஸ்விட்ச், ஃப்யூஸ், பிறகு பேட்டரி வோல்டேஜ்.

'டக்' என்று சத்தம் கேட்டு ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். தள்ளுகோலின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணமோ, மோட்டார் கேபிளோ விட்டிருக்கும். இரண்டும் மலிவு. தொடர்ந்து அழுத்தினால் சட்டமே வளையும், அது மலிவல்ல. 2003க்கு முந்திய வண்டியின் பிளாஸ்டிக் பின்ஜன்னல் மஞ்சளித்துக் கிழிந்ததற்கு டீலர் முழுக்கூரை எழுதுவார். ஜன்னலை மட்டும் தைத்துத் தரும் கூரைக்கடைகள் இருக்கின்றன.

## வண்டியில் ஒன்றும் இல்லை, எஸ்டிமேட்டில்தான் கோளாறு

மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது. பாகம், கூலி மணிநேரம், மணிக்கூலி மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் எழுத்தில் எஸ்டிமேட் தராமல் வேலையைத் தொடங்கக் கூடாது. சொன்னதைத் தாண்டினால் மறுபடி உங்கள் ஒப்புதல் வேண்டும்.

பாக விலை மலைக்க வைக்கிறது. பாக எண்ணை வாங்கித் தேடுங்கள். பாஷ் தயாரித்த அதே பொருள் போர்ஷே பெட்டி இல்லாமல் பாதி விலைக்கும் கிடைக்கும். கூலிக்கும் இதே கதை. எங்கள் பக்கம் தனிப் பட்டறை மணிக்கு 200ஐ ஒட்டி வாங்குகிறது.

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமிட்ட பட்டியல். சிவப்புக்கு மட்டும் போட்டோ கேளுங்கள். மஞ்சளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேலே உள்ள தலைப்புகளில் தேடுங்கள்.

"இதைச் செய்யாமல் வண்டியைத் தர முடியாது." முடியும். செய்த சோதனைக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வரலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டது என்றால் ஓட்டாமல் டோ செய்து எடுங்கள். தகராறு வந்தால் மாநிலத்தின் பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் கொடுக்கலாம்.

மாற்றினார்களா என்றே சந்தேகம். கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே, எஸ்டிமேட்டில் கையெழுத்திடும்போதே எழுதிக் கொடுங்கள். கேட்டால் தந்தாக வேண்டும். தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவற்றைக் காட்டவாவது வேண்டும். என் ஏழு வரி எஸ்டிமேட்டில் செய்த மூன்று வேலைக்கும் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். கீறிய கூலன்ட் தொட்டி இப்போது கராஜில் ரோஜாத் தொட்டி.